கோல்ஃப் மைதானத்தில் அருகம்புல்: கேள்வி பதில்

கலிஃபோர்னியாவின் பாலைவனப் பக்கம் கோல்ஃப் மைதானப் புல் பராமரிப்புதான் என் வேலை. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் புல்லுக்கு மாறுவது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: புல்லை மாற்றினால் எவ்வளவு தண்ணீர் மிச்சமாகும்?

இங்கே போடும் கணக்கு இது. வானிலை நிலையம் சொல்லும் அன்றைய நீராவிப்போக்கு அளவை (மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் ஆவியாகிப் போகும் நீர்) 100 என்று வைத்தால், ரை, ஃபெஸ்க்யூ போன்ற குளிர்ப்பகுதிப் புல்லுக்குத் தேவை 80, வெப்பப்பகுதிப் புல்லான பெர்முடாவுக்கு 60. அதாவது கால் பங்கு மிச்சம். புல்லை மாற்றினாலே பாதி குறையும் என்று விற்க வருபவரை நம்பாதீர்கள்.

கேள்வி: அண்ணா, பெர்முடா நம்ம ஊரில் கிடைக்குமா?

வரப்பில் பாருங்கள், தம்பி. பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான் அது. மைதானங்களில் போடுவது பெரும்பாலும் அதையும் ஓர் ஆப்பிரிக்க இனத்தையும் சேர்த்த கலப்பினம். அதில் விதை பிடிக்காது, தண்டைத்தான் நட வேண்டும். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரை நம்பித்தான் இத்தனை செலவும்.

கேள்வி: குளிர்காலத்தில் காய்ந்துவிடுமாமே?

காயாது, தூங்கும். நிறம் வைக்கோல் மாதிரி ஆகிவிடும். எங்கள் பக்கம் குளிர்காலம்தான் வசூல் காலம் என்பதால், அக்டோபர் வாக்கில் பெர்முடாவை ஒட்ட வெட்டி அதன்மேல் ரை விதைப்பார்கள். முளைக்கும்வரை ஒரு நாளைக்குப் பல தடவை தண்ணீர் காட்ட வேண்டும், அப்புறம் வசந்தம்வரை இரண்டாவது புல்லுக்கும் சேர்த்துப் பாய்ச்ச வேண்டும். மிச்சம் போவது இந்த ஓட்டையில்தான். என்னைக் கேட்டால், ஓரத்தில் புல்லை உயரமாக விடும் ரஃப் பகுதியிலாவது இதை முதலில் நிறுத்துங்கள். பழுப்பு உறுத்தினால் பச்சைச் சாயம் தெளிக்கலாம். கிண்டலில்லை, நிஜமாகவே செய்கிறார்கள்.

கேள்வி: மாற்றும்போது எதில் சறுக்குவார்கள்?

அவசரத்தில். ஒரு மைதானத்தில் களைக்கொல்லியை ஒரே தடவை அடித்துவிட்டு நட்டோம். ஆறே வாரத்தில் பழைய புல் திட்டுத்திட்டாகத் தலைகாட்டியது. அடித்து, தண்ணீர் விட்டு, மிச்சம் முளைத்ததும் மறுபடி அடித்திருக்க வேண்டும். நடவு கோடையில்தான். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் செலவு கூடும், பில்லைப் பார்த்துப் பதறாதீர்கள்.

கேள்வி: உப்புத் தண்ணீர்? மர நிழல்?

உப்புக்குப் பாஸ்பாலம் என்கிற கடற்கரைப் புல். நிழலில் பெர்முடா தேறாது.

கேள்வி: புல்லை மாற்றாமலே குறைக்க முடியாதா?

முடியும். வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானத்தில் 2010-11இல் சுமார் 35 ஏக்கர் புல்லை எடுத்துவிட்டு மணலும் காட்டுப்புல்லுமாக விட்டார்கள். நூற்றுக்கணக்கான தெளிப்பான்களையும் கழற்றிவிட்டார்கள். 2014இல் ஆண்கள், பெண்கள் யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டிகள் இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கேதான் நடந்தன.

கேள்வி: எப்போது தண்ணீர் விடுவது என்று எப்படித் தெரியும்?

சாயங்காலம் புல்மேல் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். மிதிபட்ட புல் நிமிர்ந்துவிட்டால் இன்று வேண்டாம். காலடித் தடம் அப்படியே கிடந்து, அந்த இடம் லேசாக நீலம் பூத்துத் தெரிந்தால் இரவே திறந்துவிடுங்கள்.