வாசகர் கேள்வி பதில்: கொலம்போவின் மறக்கமுடியாத அத்தியாயங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1968 முதல் 2003 வரை, நடுவில் நீண்ட இடைவெளியோடு, 69 அத்தியாயங்களாக வந்த 'கொலம்போ' துப்பறியும் தொடரில் உங்கள் மனத்துக்கு நெருக்கமான அத்தியாயம் எது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். முடிவுகளைச் சொல்லாமல் இவற்றைப் பற்றிப் பேச இயலாது என்பதால், இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தை எடுத்துவைத்துப் பிறகு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கொலை செய்தவர் யார் என்பதை முதற்காட்சியிலேயே காட்டிவிடுகிறார்கள். அதற்கு மேல் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது என்று என் மகன் கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?
— வாசகர், மெலட்டூர்

இந்தக் கேள்விக்கான விடை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரத்தை இரவு முழுவதும் கண் விழித்துப் பார்க்கிறவர்களில், தூணிலிருந்து நரசிம்மர் வெளிப்படுவார் என்பதை அறியாதவர் ஒருவரும் இருக்க மாட்டார். ஆனாலும் இரணியன் ஒவ்வொரு முறை குரலை உயர்த்தும்போதும் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம்.

இரணியன் கேட்டுப் பெற்ற வரத்தை நினைத்துப் பாருங்கள். பகலிலும் இரவிலும் சாவு வரக்கூடாது, உள்ளேயும் வெளியேயும் வரக்கூடாது, மனிதனாலும் விலங்காலும் வரக்கூடாது என்று ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டு வந்தவன் அவன். கொலம்போ தொடரின் கொலையாளிகளும் அப்படிப்பட்டவர்களே. அவர்கள் செல்வமும் புகழும் கல்வியும் உடையவர்கள். கொலை நடந்த நேரத்தில் தாம் வேறிடத்தில் இருந்ததற்குச் சாட்சியையும் தேடி வைத்துக்கொண்டவர்கள். அடைக்காமல் விட்ட இடைவெளி எது என்பதுதான் இரண்டு கதைகளிலும் நாம் காத்திருந்து பார்ப்பது. அந்தி நேரமும் வாயிற்படியும் அங்கே செய்த வேலையை, இங்கே பழைய மழைக்கோட்டு அணிந்து, வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, 'இன்னும் ஒரே ஒரு விஷயம்' என்று தயங்கிக் கேட்கும் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை லெப்டினன்ட் கொலம்போ செய்கிறார். உங்கள் மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' என்ற அத்தியாயத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைவிடச் சிறந்தது இந்தத் தொடரில் இல்லை என்பது என் எண்ணம். நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?
— ஓய்வுபெற்ற இசை ஆசிரியை, திருவையாறு

முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 1973இல் வந்த அந்த அத்தியாயத்தில் டொனால்ட் பிளெசன்ஸ் நடித்த ஏட்ரியன் கார்சினி, கலிபோர்னியாவில் ஒயின் தயாரிப்பதையே தவமாகக் கொண்டவர். மாற்றாந்தாய் மகனான தம்பி அந்த நிலத்தை விற்கப் போவதாகச் சொன்னதும் ஆத்திரத்தில் அடித்துவிடுகிறார். பிறகு அவனைக் கட்டி, ஒயின் நிலவறையில் கிடத்தி, குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு நியூயார்க்கில் நடக்கும் ஏலத்துக்குக் கிளம்பிவிடுகிறார். தம்பி மூச்சுத் திணறி இறந்துபோகிறான். ஏட்ரியன் ஊரில் இல்லாத அந்த நாள்களில் ஒரு நாள் வெயில் மிகக் கடுமையாக அடித்ததையும், குளிர்ச்சி இல்லாத நிலவறையில் அவர் உயிரினும் மேலாகச் சேர்த்து வைத்த ஒயின் அத்தனையும் கெட்டுப்போனதையும் அவர் அறியவில்லை.

கொலம்போ ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாமல் தொடங்கி, ஒரு மாணவனைப்போல் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்கிறார். பிறகு ஏட்ரியனை ஓர் உயர்ந்த உணவகத்துக்கு விருந்துக்கு அழைத்து, 1945ஆம் ஆண்டின் போர்ட் ஒயினை வரவழைக்கிறார். ஒரு வாய் பருகியதுமே, அதிக வெப்பத்தில் பாழான சரக்கு என்று ஏட்ரியன் கொதித்து எழுந்து உணவகத்தாரைக் கடிந்துகொள்கிறார். அந்தப் புட்டி அவருடைய நிலவறையிலிருந்தே கொலம்போ எடுத்து வந்தது. தம் வாயாலேயே, தம் நாவின் தேர்ச்சியாலேயே, அவர் தமக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டார்.

இந்தக் காட்சியைத் திருவையாற்று வாசகி ஒருவர் பலமுறை பார்த்திருப்பதில் எனக்கு வியப்பில்லை. சுருதி ஞானம் உள்ளவரின் எதிரே ஒருவர் சற்றே விலகிப் பாடினால், எவ்வளவு பொறுமைசாலியானாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். நாற்பது ஆண்டு பயிற்சி பெற்ற காதை ஒரு நிமிடம் மூடிவைக்க முடியாது. ஏட்ரியனும் அன்று வாயை மூடிக்கொண்டு அந்த ஒயினைக் குடித்திருந்தால் தப்பியிருப்பார். ஆனால் அப்படிக் குடிக்க முடிகிற மனிதராக இருந்திருந்தால் அந்தக் கொலையே நடந்திருக்காது.

கடைசிக் காட்சியில் கொலம்போ, சிறைக்கு அழைத்துப் போகும் வழியில் ஏட்ரியனின் திராட்சைத் தோட்டத்தருகே காரை நிறுத்தி, உணவுக்குப் பின் அருந்தும் இனிப்பு ஒயின் ஒன்றை எடுத்து இருவருக்கும் ஊற்றுகிறார். சரியான ஒயினைத் தேர்ந்தெடுத்த மாணவனை ஆசிரியர் பாராட்டுகிறார். காவலரும் கைதியும் அப்படி உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நொடிகளுக்கு ஈடான காட்சியை வேறு எந்தத் துப்பறியும் தொடரிலும் நான் கண்டதில்லை.

எனக்கு ஆங்கிலம் ஓரளவுதான் புரியும். எந்த அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம்?
— இல்லத்தரசி, திருவாரூர்

1971இல் வந்த 'சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்' அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். ஓர் ஓவிய விமர்சகர், சொத்துக்காக மாமாவைக் கொன்றுவிட்டு, காணாமற்போன ஓவியங்களை அத்தையின் வீட்டில் ஒளித்துப் பழியை அவர்மேல் போடுகிறார். ஓவியங்களில் என் கைரேகை இருக்கும், தேடிப்பாருங்கள் என்கிறார் கொலம்போ. அவற்றை விமர்சகர் சில நாள்களுக்கு முன் தம் வீட்டுக்கு எடுத்து வந்தபோது, பார்ப்பதுபோல் கொலம்போ தொட்டுவிட்டிருந்தார். இப்போதுதானே நீர் அவற்றைத் தொட்டிருப்பீர் என்று கொலையாளி கத்தும்போது, கொலம்போ ஒரு சொல்லும் பேசாமல் மழைக்கோட்டின் பைகளிலிருந்து கைகளை வெளியே எடுக்கிறார். இரண்டு கைகளிலும் கையுறை. ஆங்கிலம் அறியாத என் அத்தை இந்த இடத்தில் கைதட்டியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

கையுறைக் காட்சியைவிட 'நெகட்டிவ் ரியாக்ஷன்' அத்தியாயத்தின் முடிவு கூர்மையானது என்கிறேன் நான். என் நண்பர்கள் ஏற்க மறுக்கிறார்கள்.
— கல்லூரி மாணவர், கும்பகோணம்

தர்க்கத்தின் கூர்மையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. 1974இல் வந்த அந்த அத்தியாயத்தில், நகைச்சுவைக்குப் பெயர்பெற்ற டிக் வான் டைக், மனைவியைக் கொன்று அதைக் கடத்தலாகக் காட்டும் புகைப்படக் கலைஞராக வருகிறார். கட்டிப் போடப்பட்ட மனைவியின் படத்தில் கடிகாரம் இரண்டு மணி காட்டுகிறது. கொலம்போ அதை இடவலம் மாற்றிப் பெரிதாக்கி, பத்து மணி காட்டும் படமாக முன்னால் வைக்கிறார். மூலப் படம் அழிந்துவிட்டது என்றும் சொல்கிறார். பத்து மணிக்குத் தாம் வேறிடத்தில் இருந்ததற்குச் சாட்சி இல்லாததால் பதறிப்போன கலைஞர், நெகட்டிவைப் பார்த்தால் உண்மை தெரியும் என்று, அலமாரியில் இருக்கும் பல கேமராக்களுக்கு நடுவே கைநீட்டிச் சரியான கேமராவை எடுத்துவிடுகிறார். அந்தப் படத்தை எடுத்தவன் ஒருவனுக்கே அது எந்தக் கேமரா என்று தெரியும்.

ஆனாலும் என் ஓட்டு கையுறைக்குத்தான். புகைப்படத்தை மாற்றி வைத்துக் கொலம்போ பொய் சொல்கிறார். கையுறைக் காட்சியில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. உங்கள் நண்பர்களிடம் இந்தக் காரணத்தையும் சேர்த்து விவாதியுங்கள்.

ஸ்பீல்பெர்க் இயக்கியதால்தான் 'மர்டர் பை தி புக்' புகழ்பெற்றது என்கிறார்களே?
— வாசகர், மன்னார்குடி

அவர் பெயர் பின்னாளில் உதவியது உண்மை. ஆனால் 1971 செப்டம்பரில் அது ஒளிபரப்பானபோது அவர் 24 வயது இளைஞர். பெயரைப் பார்த்து யாரும் பார்த்திருக்க முடியாது. இருவர் பெயரில் வெளிவரும் துப்பறியும் நாவல்களை உண்மையில் ஒருவரே எழுதுகிறார், எழுதத் தெரியாதவர் எழுதுகிறவரைக் கொல்கிறார் என்பது கதை. தொடக்கத்தில் இசையே இல்லாமல் தட்டச்சு ஒலி மட்டும் கேட்க, கொலையாளியின் கார் வந்துகொண்டிருக்கும் அந்தக் காட்சி இன்றும் புதிதாக இருக்கிறது.

கொலம்போவின் முதற்பெயர் என்ன? மனைவியை ஏன் காட்டவே இல்லை?
— வாசகர், பாபநாசம்

ஓர் அத்தியாயத்தில் அவருடைய அடையாள அட்டையில் 'ஃப்ராங்க்' என்ற பெயர் தெரிகிறது. யாரும் அவரை அப்படி அழைப்பதில்லை. மனைவி அவருடைய பேச்சில் மட்டுமே வாழ்கிறார். கணவர் சொல்லச் சொல்ல நாம் மனத்தில் வரைந்துகொண்ட அந்த அம்மையாருக்கு இந்தத் தொடரில் ஒரு நடிகையின் முகத்தைக் கொடுக்காதது நல்லதே என்பது என் உறுதியான கருத்து.

கொலம்போ எந்தக் கொலையாளியையாவது மன்னித்து விட்டதுண்டா?
— செவிலியர், நாகப்பட்டினம்

இரண்டு அத்தியாயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1977இல் வந்த 'ட்ரை அண்ட் கேட்ச் மீ'யில் ரூத் கார்டன் ஒரு முதிய துப்பறியும் எழுத்தாளராக வருகிறார். தம் உடன்பிறந்தாரின் மகளைக் கொன்றவன் அவள் கணவனே என்று நம்பி, அவனைப் பெட்டக அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறார். என் வயதைப் பார்த்து விட்டுவிடக் கூடாதா என்று அவர் கேட்கும்போது, கொலம்போ மரியாதையோடும் வருத்தத்தோடும் மறுத்துவிடுகிறார்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன் வந்த 'ஃபர்காட்டன் லேடி'யில் நிலைமை வேறு. ஜேனட் லீ நடித்த முன்னாள் நட்சத்திரம், மீண்டும் மேடையேறப் பணம் தர மறுத்த கணவரைக் கொல்கிறார். அவர் மூளையில் தீராத நோய் இருப்பதையும், நினைவு கரைந்துகொண்டிருப்பதையும், அதை அறிந்தே மருத்துவரான கணவர் மறுத்தார் என்பதையும் கொலம்போ கண்டுபிடிக்கிறார். கொலை செய்ததே அந்தப் பெண்ணுக்கு நினைவில் இல்லை. அவர் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும் பழைய திரைப்படம், 1953இல் ஜேனட் லீயே உண்மையில் நடித்த படம்.

அவரோடு முன்பு ஆடிய நடிகர், கொலையைச் செய்தது நான்தான் என்று பொய்யாக ஒப்புக்கொள்கிறார். அந்த வாக்குமூலம் நிற்காது என்று கொலம்போ சொல்ல, உடைய இரண்டு மாதமாவது ஆகும்படி பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் அவர். அந்தப் பெண்ணுக்கு மீதியிருக்கும் காலமும் ஏறக்குறைய அவ்வளவே. நோயாளிகளின் பக்கத்தில் இரவுகளைக் கழிக்கும் உங்களுக்கு இந்த இடத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கொலம்போ மறுக்கவில்லை, ஆமாம், அவ்வளவு காலம் ஆகலாம் என்கிறார். உள்ளே அந்தப் பெண் தம் பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.