பதினெட்டு வயதில் பட்டாளமா? கேட்டவர்களுக்குப் பதில்

தென்னாப்பிரிக்கப் படையில் 22 ஆண்டுகள் இருந்தேன். பாதிக் காலம் புதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதே வேலை. மெட்ரிக் (12ஆம் வகுப்பு) முடிவு வந்ததும் டர்பன் வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாய்: ஐயா, மகனுக்குப் போன மாதம்தான் 18 முடிந்தது. சட்டைக்கு இஸ்திரி போடக்கூடத் தெரியாது. படையில் சேர மனு எழுதிவைத்திருக்கிறான். நான் சம்மதிக்காவிட்டால் நிற்குமா?

நிற்காது அம்மா. 2007 ஜூலைக்கு முன்பு இங்கே 21 நிரம்பினால்தான் சட்டப்படி வயது வந்தவர், இப்போது 18. அவன் கையெழுத்தே போதும். இஸ்திரியை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வான். மறுநாள் கட்டில் பரிசோதனை என்றால், போர்வையைப் பெட்டிபோல மடித்துவைத்துவிட்டு, அது கலையக்கூடாதென்று வெறுந்தரையில் படுத்துக்கிடப்பார்கள். இரவுச் சுற்றில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். ஒருவன் தூக்கத்தில் 'அம்மா' என்றான். காலையில் வரிசைக்கு முதலில் வந்து நின்றவனும் அவன்தான்.

ஃபீனிக்ஸிலிருந்து: அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். 18 சின்ன வயதா, இல்லையா?

பயிற்சிக்குச் சரியான வயது. போர்முனைக்குச் சின்ன வயது.

18 நிரம்பாதவர்களைச் சண்டையில் நேரடியாக இறக்கக்கூடாது, கட்டாயமாகச் சேர்க்கவும் கூடாது என்று ஐ.நா. உடன்படிக்கை ஒன்று 2002 முதல் நடப்பில் இருக்கிறது. விரும்பி வந்தால் 16 வயதிலும் எடுக்கலாம் என்று அதிலேயே ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். பிரிட்டன் அப்படித்தான் எடுக்கிறது. நம் 2002 பாதுகாப்புச் சட்டம் 18 என்கிறது. ஆனால் வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டுப் பாருங்கள், பொதுவாக 21 நிரம்பியிருக்க வேண்டும்! அதே அரசு பட்டாளத்தில் 18 வயதுக்காரன் கையில் ரைஃபிளைக் கொடுக்கிறது. பக்கத்தில் அதிகாரி நிற்கிறார், இரவானால் ஆயுத அறைக்குப் பூட்டு விழுகிறது என்பார்கள். முகாமுக்குள் அது நியாயம்தான். 2025 ஜனவரியில் காங்கோவின் கோமா பக்கம் நம் வீரர்கள் 14 பேர் இறந்தார்களே, அந்த மாதிரி இடத்தில் எந்தப் பூட்டு?

இளங்கன்று பயமறியாது என்று பெருமையாகச் சொல்கிறோம். பயிற்சியாளனுக்கு அது வசதி: சொன்னதும் ஓடுவான், அடிபட்டால் சீக்கிரம் ஆறிவிடும். 23 வயதுக்காரன் "ஏன் சார்?" என்று கேட்டு என் உயிரை வாங்குவான். ஆனால் இருட்டில் காவல் நிற்கும்போது எனக்குப் பக்கத்தில் அந்த 'ஏன் சார்' ஆள்தான் வேண்டும். 21க்கு முன் யாரையும் எல்லை தாண்டி அனுப்பக்கூடாது என்பது என் கட்சி.

இசிபிங்கோவிலிருந்து: அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கட்டாயமாகக் கொண்டுபோனார்களே, நம் இந்தியப் பிள்ளைகளை ஏன் விட்டுவிட்டார்கள்?

1967 முதல் வெள்ளை ஆண்களுக்கு அது கட்டாயம். 1977இல் இரண்டு ஆண்டுகளாக்கினார்கள். பள்ளி முடித்த கையோடு நமீபியா, அங்கோலா எல்லைக்குப் போனவர்கள் பலர். அதை எதிர்த்து 1983இல் தொடங்கிய இயக்கத்தை 1988இல் முடக்கினார்கள். நம்மை நம்பி ஆயுதம் தர ஆட்சிக்கு மனமில்லை. 1899இல் போயர் போருக்கென்று காந்தி திரட்டிய சுமார் 1,100 இந்தியர்களும் தூக்கியது காயம்பட்டவர்களைச் சுமக்கும் டோலி. இரண்டாம் உலகப் போரிலும் இந்திய-மலாய்ப் பிரிவுக்குத் துப்பாக்கி இல்லை. 1970களில்தான் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் இந்தியத் தொண்டர்களுக்குக் கடற்படைப் பயிற்சி நடந்தது. 1984இல் இந்தியருக்கென்று நாடாளுமன்றத்தில் ஓர் அவை வந்தபோது, அடுத்தது பட்டாள அழைப்புத்தான் என்று எங்கள் தெருவே நடுங்கியது. நல்லவேளை, வரவில்லை.

ஒரு பாட்டி: புரட்டாசி விரதம் என்ன ஆகும் தம்பி?

சேரும்போதே சைவம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள் பாட்டி. பருப்பும் காய்கறியும் கிடைக்கும். ருசியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

டோங்காட்டிலிருந்து: படையின் இரண்டு வருடப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தால், அதற்குப் பிறகு வேலை உறுதியா?

உறுதியில்லை. 18 முதல் 22 வயதுவரை மெட்ரிக் படித்தவர்களை எடுக்கும் திட்டம் அது; பட்டதாரி என்றால் 26 வரை. முடிந்ததும் சிலரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். அதற்குள் கனரக வாகன உரிமமாவது வாங்கிக்கொள்.

பெயர் சொல்லாதவர்: சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் 3,000 ரேண்ட் கேட்கிறார்.

ஒரு காசு கொடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. அந்த எண்ணோடு போலீசுக்குப் போங்கள்.