மாப்பிள்ளை சொல்வதில் பாதி சரி

கேள்வி: மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போகிறேன். இரண்டு மாதம் இருப்பேன். பென்ஷன் கணக்கும் வாட்ஸ்அப்பும் என் பட்டன் போனில் உள்ள எண்ணில்தான். வாட்ஸ்அப் பார்க்கும் ஸ்மார்ட்போனில் சிம் கிடையாது, வீட்டு வைஃபைதான். "பழைய சிம்மை வீட்டில் வைத்துவிட்டு வாங்க, இங்கே புதுசு வாங்கிக்கலாம்" என்கிறார் மாப்பிள்ளை. செய்யலாமா?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: பாட்டியாகப் போகிறீர்கள், வாழ்த்துகள். மாப்பிள்ளை சொல்வதில் பாதி சரி. அந்த ஊர் சிம் வாங்கத்தான் வேண்டும். நம் ஊர் சிம்மையே அங்கே பயன்படுத்தப் போடுகிற ரோமிங் பேக் எல்லாம் ஒரு வாரம் சுற்றிவிட்டு வருகிறவர்களுக்குச் சரி, இரண்டு மாதத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பழைய சிம்மை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் வங்கியின் ஓடிபியை யார் பார்ப்பது?

வீட்டில் விட்டுப்போக வேண்டியது பட்டன் போனைத்தான். சிங்கப்பூரில் 2ஜி சேவையை 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். உங்களுடையது 2ஜி மட்டும் உள்ள ரகம் என்றால் அங்கே டார்ச் அடிக்கத்தான் உதவும். அதிலுள்ள சிம்மைக் கழற்றி ஸ்மார்ட்போனில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது இடம் சிங்கப்பூர் சிம்முக்கு. சில போன்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம்தான் இருக்கும். அப்படியென்றால் கார்டில் உள்ள படங்களை முதலிலேயே வேறெங்காவது மாற்றிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன்பே, இந்திய சிம்முக்கு வெளிநாட்டு ரோமிங் வசதியைத் திறந்துவிடச் சொல்லி கஸ்டமர் கேரில் பேசுங்கள். நமக்கு வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. ஆனால் ரோமிங் திறக்காவிட்டால் அதுவும் வராது. "பேக் போடாமலே ஓடிபி வருமா?" என்று நேரடியாகக் கேட்டுப் பதில் வாங்குங்கள். ரீசார்ஜ் நடுவில் முடிந்துபோகாமல் 84 நாள் திட்டமாகப் போட்டுவிடலாம்.

சிங்கப்பூர் சிம் சாங்கி விமான நிலையத்திலேயே கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்துதான் தருவார்கள். போட்டதும் செட்டிங்ஸில் போய், மொபைல் டேட்டா அந்த சிம்மில் ஓடும்படி மாற்றி, இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்தால், நீங்கள் தூங்கும்போதும் போன் பாட்டுக்குப் படங்களை இறக்கிக்கொண்டிருக்கும், பணம் போகும்.

வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே ஓடும். எண்ணை மாற்றிவிட்டீர்களா என்று அது கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். இந்திய எண்ணுக்கு வரும் அழைப்பை மட்டும் எடுக்காதீர்கள். ரோமிங்கில் வருகிற அழைப்புக்கும் கட்டணம் உண்டு. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்த தலைமுறை நாம். மணி அடித்தால் கை தானாகப் போகும். அதனால் வாட்ஸ்அப்பில்தான் கூப்பிட வேண்டும் என்று சொந்தக்காரர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மகள் வீடு உட்லண்ட்ஸ் பக்கமா? ஜலசந்திக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூர் பாரு. ஜன்னலோரம் நின்றால் போன் அந்தக் கரையின் டவரைப் பிடித்துவிடும், சிங்கப்பூர் சிம்மே ரோமிங்குக்குப் போய்விடும். நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல், எந்த நிறுவனத்தின் சிம் வாங்கினீர்களோ அதையே தேர்ந்தெடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்த வேலையை மாப்பிள்ளையிடம் விட்டுவிடலாம்.

கேள்வி: என் போனில் இ-சிம் போட முடியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இ-சிம் என்றால் கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம். *#06# என்று அழுத்துங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு இஐடி என்று 32 இலக்க எண் ஒன்றும் வந்தால் போடலாம்.

கேள்வி: துபாயில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகிறது, பேச முடியவில்லை. அவன் போனில் கோளாறா?
— ஒரு வாசகர், தென்காசி

பதில்: போன் நன்றாகத்தான் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி பெற்ற செயலிகள் வழியாக மட்டுமே இணையத்தில் பேச முடியும். வாட்ஸ்அப்பில் எழுத்து, படம், குரல் பதிவு எல்லாம் போகும், அழைப்பு மட்டும் போகாது. அங்கே நம் ஆட்கள் நிறையப் பேர் போடிம் செயலியில்தான் ஊருக்குப் பேசுகிறார்கள். நீங்களும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இருக்கும் ஊரை மறைத்துக் காட்டும் விபிஎன் செயலியைப் போட்டு வாட்ஸ்அப்பிலேயே பேசலாம் என்று அறைத் தோழர்கள் யாராவது யோசனை சொன்னால் தம்பி காதில் வாங்க வேண்டாம். அந்த ஊர்ச் சட்டம் இதில் கடுமையானது, அபராதமும் லட்சக்கணக்கான திர்ஹம்.