வாசகர் கேள்வி – பதில்: தண்ணீர்க் கணக்கு தெரிந்தால் போதும்

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் முதல் செமஸ்டர். மூலக்கூறுகளை இணைக்கும் கிளைகோசிடிக், பெப்டைடு, எஸ்டர் என்று பிணைப்புகள் எல்லாம் குழம்புகின்றன. தேர்வுக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. எதைப் பிடித்துப் படிப்பது?
– வாசகி, காரிமங்கலம்

பதில்: தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையோடு சர்க்கரை சேர்ந்தால் கிளைகோசிடிக். ஓர் அமினோ அமிலத்தின் கார்பாக்சில் முனை இன்னொன்றின் அமினோ முனையோடு சேர்ந்தால் பெப்டைடு. கிளிசராலோடு கொழுப்பு அமிலம் சேர்ந்தால் எஸ்டர். பெயர்தான் வேறு, மூன்றிலும் பிணைப்புக்கு ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். பிணைப்பு உடைய வேண்டுமென்றால் அதே நீர் திரும்ப உள்ளே வர வேண்டும்.

இதில் வழக்கமாக மதிப்பெண் போகும் இடம் கணக்கு. 10 குளுக்கோஸ் நேர்ச்சங்கிலியாகச் சேர்ந்தால் பிணைப்பு 9, வெளியேறும் நீரும் 9. குளுக்கோசின் மூலக்கூறு எடை 180, நீரின் எடை 18. ஆகவே சங்கிலியின் மூலக்கூறு எடை 1800 – 162 = 1638. பலரும் 10 நீரைக் கழித்து 1620 என்று எழுதிவிடுகிறார்கள். கொழுப்பான டிரைகிளிசரைடில் ஒரு கிளிசராலோடு சேரும் கொழுப்பு அமிலம் மூன்று, வெளியேறும் நீரும் மூன்று. ஆனால் கொழுப்பு பாலிமர் (ஒரே வகை அலகுகள் திரும்பத் திரும்பச் சேர்ந்த நீளச் சங்கிலி) அல்ல. நோட்ஸில் யாராவது அப்படி எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

கிளைகோசிடிக் பிணைப்பில் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு வகைகளின் வேறுபாட்டுக்கு உங்கள் பக்கத்து மரவள்ளியையே நினைத்துக்கொள்ளலாம். கிழங்கிலுள்ள ஸ்டார்ச்சும் குச்சியிலுள்ள செல்லுலோசும் குளுக்கோசால் ஆனவைதான். முன்னது ஆல்ஃபா பிணைப்பு, சுருளும்; நம் உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்ற நொதி அதை வெட்டும். பின்னது பீட்டா, விறைத்து நேராக நிற்கும். அமைலேசுக்கு அங்கே வேலையில்லை.

கேள்வி: ஒடுக்கும் சர்க்கரை இருக்கிறதா என்று தாமிரம் கலந்த நீலக் கரைசலால் பார்க்கும் பெனடிக்ட் சோதனையில் வெள்ளைச் சர்க்கரைக் கரைசல் நீலமாகவே இருந்தது, வெல்லக் கரைசல் செங்கல் நிறமானது. இரண்டும் சுக்ரோஸ்தானே?
– வாசகர், பாலக்கோடு

பதில்: வெல்லம் முழுக்க சுக்ரோஸ் அல்ல. சுக்ரோசில் குளுக்கோசின் 1ஆம் கார்பனும் ஃபிரக்டோசின் 2ஆம் கார்பனும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருப்பதால், பெனடிக்ட் கரைசலின் தாமிரத்தை ஒடுக்க (அதற்கு எலக்ட்ரான் கொடுக்க) முனை எதுவும் மிச்சமில்லை. கரும்புச் சாறோ இயல்பிலேயே லேசான அமிலம். கொப்பரையில் கொதிக்கும்போது சுக்ரோசில் ஒரு பங்கு நீரேற்று உடைகிறது: சுக்ரோஸ் 342 + நீர் 18 = குளுக்கோஸ் 180 + ஃபிரக்டோஸ் 180. அந்தக் குளுக்கோசும் ஃபிரக்டோசும்தான் நிறம் காட்டியவை. வெட்டிய கரும்பை நாள்கணக்கில் போட்டுவைத்தால் வெல்லம் கட்டியாகாமல் பிசுபிசுப்பதற்கும் இந்த உடைப்பே காரணம்.

வெள்ளைச் சர்க்கரையிலும் நிறம் வரவைக்கலாம். 2 மி.லி. கரைசலில் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, கொதிநீரில் 3 நிமிடம் வையுங்கள். ஆறியதும் சோடியம் பைகார்பனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாக, நுரை அடங்கும்வரை சேருங்கள். அதில் 8 துளி எடுத்து 5 மி.லி. பெனடிக்ட் கரைசலில் விட்டு மறுபடி 3 முதல் 5 நிமிடம் கொதிநீரில் வையுங்கள். பைகார்பனேட்டை மறந்தால் நீலம் அப்படியே நிற்கக்கூடும். பெனடிக்ட் காரத்தில்தான் வேலை செய்யும்.