டிசி ஆர்க்: பேட்டரி அறையிலிருந்து சில கேள்விகள்

யுபிஎஸ், சோலார், டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) என டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) பக்கம் வேலை செய்பவர்கள் கேட்டவை இவை. ஆர்க் என்பது இடைவெளியைத் தாண்டிக் காற்றின் வழியே மின்சாரம் பாய்ந்து எரியும் தீப்பொறி.

சார், 415 வோல்ட் ஏசியில் பழகியவன் நான். 240 வோல்ட் பேட்டரி பேங்குக்கு ஏன் இவ்வளவு பயம்?

50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். ஒவ்வொரு முறையும் ஆர்க் அணைய ஒரு வாய்ப்பு. டிசியில் அது கிடையாது, பிடித்தால் பிடித்ததுதான். ஏசிக்கு மட்டுமே ரேட்டிங் உள்ள பிரேக்கரை டிசியில் மாட்டக் கூடாது என்பது இதனால்தான். சில டிசி பிரேக்கர்களில் பிளஸ் மைனஸை மாற்றி இணைத்தாலும் ஆர்க் உள்ளேயே நின்று எரியும்.

ஆபத்தைக் கணக்குப் போட முடியுமா? ஆர்க் வெப்பத்தைக் கணக்கிடும் ஐஇஇஇ 1584 வழிகாட்டி போதுமா?

போதாது, அது மூன்று ஃபேஸ் ஏசிக்கானது. டிசிக்கு என்எஃப்பிஏ 70இ என்ற மின் பாதுகாப்புத் தர ஆவணத்தின் பின்னிணைப்பில் அதிகபட்சத் திறன் முறை இருக்கிறது. ஆர்க் மின்னோட்டம் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.01 × வோல்ட் × ஆர்க் ஆம்பியர் × நொடி, இதைத் தூரத்தின் (செ.மீ.) வர்க்கத்தால் வகுக்க வேண்டும்.

உங்கள் பேங்கின் ஷார்ட் சர்க்யூட் 8,000 ஆம்பியர், முகம் 45 செ.மீ. தள்ளி என்று வைப்போம். ஃபியூஸ் 0.2 நொடியில் அறுத்தால் சதுர செ.மீ.க்கு சுமார் 0.95 கலோரி. இரண்டாம் நிலைத் தீக்காயத்துக்கான 1.2 கலோரிக்குக் கீழேதான். ஆனால் பெட்டிக்குள் ஆர்க் என்றால் மும்மடங்கு, 2.8. ஃபியூஸ் அறுக்காமல் 2 நொடி நீடித்தால்? 9.5, பெட்டிக்குள் 28. வோல்ட்டேஜ் மாறவில்லை, நேரம்தான் மாறியது. முதலில் ஃபியூஸின் நேர வளைவை (எத்தனை ஆம்பியருக்கு எவ்வளவு நேரத்தில் அறுக்கும் என்ற வரைபடம்) தேடி எடுங்கள், பாதுகாப்பு உடையை அப்புறம் பார்க்கலாம்.

சோலாரில் ஃபியூஸ் இருக்கிறதே?

பேனலின் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் வழக்கமான மின்னோட்டத்தைவிடச் சற்றே அதிகம். அதற்கெல்லாம் ஃபியூஸ் அசையாது. கனெக்டரை லோடில் (மின்னோட்டம் ஓடும்போது) பிடுங்காதீர்கள், முதலில் இன்வெர்ட்டரை நிறுத்துங்கள்.

பேட்டரியை ஆஃப் செய்வது எப்படி?

முடியாது. செல்களை இணைக்கும் லிங்க்குகளைக் கழற்றிச் சிறு துண்டுகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் வோல்ட்டேஜ் குறையும். அதற்கு முன் சார்ஜரையும் லோடையும் துண்டியுங்கள். காற்றோட்டமும் வேண்டும்: காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும்.

டிரைவில் மெயினை ஆஃப் செய்தாயிற்று, திறக்கலாமா?

உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கபாசிட்டரின் சார்ஜ் இறங்கட்டும். லேபிளில் போட்ட நிமிடங்கள் காத்திருந்து, பிறகு மீட்டர் வைத்துப் பாருங்கள்.

அண்ணா, ஸ்பேனரில் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். சரிதானே?

சரியில்லை தம்பி. நானும் அப்படித்தான் சுற்றியிருந்தேன். ஒருநாள் டேப் உரிந்த ஓரம் இரண்டு டெர்மினலுக்குக் குறுக்கே பட்டது. 'டப்' என்ற சத்தம், கண்ணில் வெள்ளை. பார்வை தெளிந்தபோது ஸ்பேனர் பிடியில் பிறை வடிவத்துக்கு இரும்பு காணாமல் போயிருந்தது. இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் உள்ள கருவி வாங்குங்கள். மோதிரத்தை அறைக்கு வெளியிலேயே கழற்றுங்கள்.