கச்சான் காற்று அடித்தால் கடல் ஏன் ஆறுகிறது?

பாம்பனிலிருந்து ஒருவர்: அண்ணே, சித்திரையில் கடல் தண்ணீர் சுடுகிறது. ஆனியிலும் வெயில் குறைவதில்லை, ஆனால் தண்ணீர் ஆறிவிடுகிறதே, எப்படி?

தம்பி, வெயிலை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது, காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் நடுவில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கிறது, மேகம் குறைவு, காற்றும் மந்தம். அதனால் கடலுக்குள் வருகிற வெப்பம் அதிகம், வெளியே போவது கொஞ்சம், மேல்தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். கடல் வெப்பத்தை விடுகிற வழிகளில் நம் பக்கம் ரொம்பப் பெரியது ஆவியாதல். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு போகிறது, ஆனால் அதே ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க 4 கிலோஜூல் சொச்சம் போதும். வியர்த்த உடம்பில் காற்று பட்டால் சில்லென்று இருக்கிறதே, அதேதான். காற்று இல்லாவிட்டால் ஈரம் தண்ணீர் மேலேயே தங்கி ஆவியாவதைத் தடுக்கும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, கிளம்பியதும் அந்த ஈரத்தை அள்ளிப் போகிறது, அலை எழுந்து கீழிருக்கும் குளிர்ந்த தண்ணீரையும் மேலே கலக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் நமக்கு மழைதான் கிடைப்பதில்லை, காற்று நன்றாகவே கிடைக்கிறது.

வாலிநோக்கம்: உப்பளத்தில் காற்றடிக்கும் நாளில் உப்பு சீக்கிரம் விளைவதும் இதனால்தானா?

ஆமாம், இதேதான்.

தேவிபட்டினம்: வடகடல் சீக்கிரம் சுடுகிறது, சீக்கிரம் குளிர்கிறது. தென்கடல் அப்படி இல்லை. வெயில் ஒன்றுதானே?

வெயில் ஒன்றுதான், ஆழம் வேறு. வடகடல், அதாவது பாக் விரிகுடா, பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் அளவுதான். மன்னார் வளைகுடாவோ கரையை விட்டு விலக விலக நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால் ஒரு சதுர மீட்டரிலிருந்து 12,000 கிலோஜூல் போகிறது. 5 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் அது மொத்தத் தண்ணீரையும் அரை டிகிரிக்கு மேல் குளிரவைக்கும், 50 மீட்டர் வரை கலந்து கிடக்கிற தண்ணீரில் அதில் பத்தில் ஒரு பங்குதான். வெயில் உள்ளே வரும்போதும் இதே கணக்குதான். சட்டியில் வைத்த தண்ணீருக்கும் அண்டாவில் வைத்த தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து ஓர் அக்கா: மார்கழி விடியலில் தீர்த்தமாடும்போது கரையில் குளிர் நடுக்குகிறது, தண்ணீருக்குள் இறங்கினால் வெதுவெதுப்பாக இருக்கிறது. தண்ணீர் சூடாகிறதா?

இல்லை அக்கா, அந்த மாதத்தில் கடல் வெப்பத்தை இழந்துகொண்டுதான் இருக்கிறது. காற்று அதைவிட வேகமாகக் குளிர்ந்துவிடுவதால் நமக்கு அப்படித் தெரிகிறது. தலைக்கு மேல் உள்ள மொத்தக் காற்றும் வைத்திருக்கக்கூடிய வெப்பத்தை வெறும் இரண்டரை மீட்டர் ஆழத் தண்ணீர் வைத்துக்கொள்ளும், அவ்வளவு வித்தியாசம். வாடை வறண்டு வீசும் நாட்களில் கடல் இரண்டு வகையில் இழக்கிறது, ஆவியாகவும், காற்றை நேராகச் சூடாக்கியும்.

ராமநாதபுரம், ஆசிரியர்: ஆவி கொண்டுபோன வெப்பம் அப்புறம் எங்கே போகிறது?

மேகத்தில் வெளியே வருகிறது சார். ஆவி மறுபடி துளியாகும்போது வாங்கியதை அப்படியே காற்றுக்குக் கொடுத்துவிடும், சூடான காற்று இன்னும் மேலே ஏறும், கீழிருந்து ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அவ்வளவு தண்ணீரும் ஏதோ ஒரு கடலை முன்பே குளிரவைத்துவிட்டு வந்ததுதான். புயலுக்கும் தீனி இதுவே.

கீழக்கரை: கோடையில் தீவுப் பக்கம் பவளம் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தேன். இதற்கும் இந்த வெப்பம்தான் காரணமா?

ஆமாம், பார்க்கவே மனசு கனக்கும். 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் வெளுத்தது. தண்ணீர் வாரக்கணக்கில் அளவுமீறிச் சூடாக இருந்தால், பவளம் தனக்குச் சாப்பாடு தருகிற நுண்பாசியை வெளியேற்றிவிடும், நிறமும் கூடவே போய்விடும். அந்த நேரத்தில் கச்சான் தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் அதற்கு ஆபத்து. ஆனால் வெளுத்ததெல்லாம் செத்தது இல்லை தம்பி. ஜூனில் தண்ணீர் ஆறினால் பாசி திரும்பி வந்து பல பவளங்கள் நிறம் பிடிக்கும், அதனால் வெள்ளையாகப் பார்த்ததும் உயிர் போய்விட்டது என்று மிதித்துவிடவோ நங்கூரம் போட்டுவிடவோ வேண்டாம்.