நானோகுழாய்ப் பொடியில் பணம் போடும் முன்

கேள்வி: தேவகோட்டை அருகே ஃபைபர் கிளாஸ் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், கார்பன் நானோகுழாய்ப் பொடியை ரெசினில் கலந்து அரை மில்லிமீட்டர் பூசினால் ரேடாரில் தெரியாத தகடு கிடைக்கும் என்கிறார். பத்துக் கிலோ பொடி வாங்கினால், செய்யும் தகடு முழுவதையும் ட்ரோன் கம்பெனிகளுக்குத் தாமே விற்றுத் தருவாராம். 40 டெசிபல் என்று ஒரு சோதனை அறிக்கையும் காட்டினார். வீட்டு நகையை அடகு வைத்து இதில் இறங்கலாமா?

பதில்: இப்போது இறங்க வேண்டாம். கார்பன் நானோகுழாய், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கார்பன் குழாய்கள், கலந்த தகடு ரேடார் அலையை உறிஞ்சும் என்பது உண்மைதான். இதே வேலைக்குப் பயன்படும் ஃபெரைட் என்னும் காந்தப் பொருளையும் இரும்புத் தூளையும் விட அது மிக இலேசானது என்பதால்தான் பறக்கும் கருவிகளுக்கு அதை நாடுகிறார்கள். ஆனால் உங்களிடம் சொல்லப்பட்ட மூன்று செய்திகளும் எனக்குக் கவலை தருகின்றன.

முதலாவது, அரை மில்லிமீட்டர் கணக்கு. பெரும்பாலான சோதனைகள் நடக்கும் 10 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ரேடார் அலையின் நீளம் 30 மில்லிமீட்டர். தகட்டின் கனம், அதனுள் குறுகிப்போகும் அலைநீளத்தில் ஏறக்குறைய கால்பங்கு இருக்க வேண்டும் என்பதால், நல்ல கலவைக்குக்கூட இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தேவைப்படும். பொடியைக் கூட்டிப் போட்டுக் கனத்தைக் குறைக்கலாம் என்று தரகர் சொல்வார். பொடி மிகுந்தால் தகடு உலோகம்போல் மின்சாரம் கடத்தத் தொடங்கி, அலையை உள்ளே விடாமல் மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆகையால்தான் தேர்ந்தவர்கள் வெளி அடுக்கில் பொடியைக் குறைத்தும் உள்ளே போகப் போகக் கூட்டியும் பல அடுக்குகளாகச் செய்கிறார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில் ஒவ்வொரு பூச்சுக்கும் தனிக் கலவை இருப்பதைப்போல.

இரண்டாவதாக, அந்த 40 டெசிபல் அறிக்கை. அதில் இருப்பது தடுப்புத் திறனா, எதிரொளிப்பு இழப்பா (ரேடாருக்குத் திரும்பும் அலை எவ்வளவு குறைகிறது என்ற அளவா) என்று பாருங்கள், ஏனெனில் இந்த வியாபாரத்தில் நான் மிகுதியாகக் காணும் ஏமாற்று இதுதான். தடுப்புத் திறன் என்பது தகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் அலை போகவில்லை என்று மட்டுமே சொல்லும். சாதாரண அலுமினியத் தாளும் அலையைத் தாண்டவிடாது, ஆனால் அத்தனையையும் ரேடாருக்கே திருப்பி அனுப்பும். எதிரொளிப்பு இழப்பாகவே இருந்தாலும், சிட்டிகைப் பொடியை மெழுகில் குழைத்து அளந்து கணினியில் கணக்கிட்ட எண்ணா, முழுத் தகட்டை நிறுத்தி அளந்த எண்ணா என்று எழுத்தில் கேளுங்கள். 10 டெசிபல் குறைந்தால் திரும்பும் ஆற்றலில் 90 சதவீதம் போய்விடும். ஆனாலும் பூச்சில்லாத ட்ரோனை 100 கிலோமீட்டரில் கண்டுபிடிக்கும் ரேடார், பூசிய ட்ரோனை 56 கிலோமீட்டரில் கண்டுபிடித்துவிடும். ‘ரேடாரில் தெரியாது’ என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

மூன்றாவது, பத்துக் கிலோ. எடையில் இரண்டு சதவீதம் கலப்பதாக வைத்தால் அது அரை டன் கலவைக்குப் போதும். முதன்முதலாகச் செய்து பார்ப்பவருக்கு நூறு கிராமே மிகுதி. கண்ணால் பார்த்தால் நானோகுழாயும் மலிவான கரிப்பொடியும் ஒன்றுபோலவே கறுப்பாக இருக்கும். எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இல்லாமல் எவரிடமும் வாங்காதீர்கள். அசல் பொடியும் ட்ரில்லில் மாட்டிய கலக்கியால் பிரியாது, திரி திரியாகவே நிற்கும். அதற்கு மீயொலிக் கருவியோ மூன்று உருளை அரைவையோ வேண்டும்.

இன்னொன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மேலே சொன்ன கனக் கணக்கெல்லாம் தகட்டின் முதுகில் உலோகம் இருக்கும்போதுதான் பொருந்தும். உங்களுக்குப் பழக்கமான ஃபைபர் கிளாஸ் ரேடார் அலையைப் பெரும்பாலும் ஊடுருவ விட்டுவிடும். அதன்மேல் பூசினால், அலையில் ஒரு பகுதி பூச்சையும் ட்ரோனின் உடலையும் கடந்துபோய் உள்ளே இருக்கும் மோட்டார், பேட்டரி, செம்புக் கம்பிகளில் பட்டுத் திரும்பும். கார்பன் ஃபைபர் உடல் ஏறத்தாழ உலோகம்போல் நடந்துகொள்வதால் அங்கே கணக்கு ஓரளவு நிற்கும். ஃபைபர் கிளாஸ் ட்ரோன் என்றால் பின்னால் மின்கடத்தும் அடுக்கு ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். அதனால் எடை கூடும். எடை கூடினால் பறக்கும் நேரம் குறையும். தகடு எந்த உடலின்மேல் ஒட்டப்படும் என்று தெரியாமல் கனத்தை முடிவு செய்யவே முடியாது. வாங்குபவர் பெயரைச் சொல்லாத தரகரால் அதை உங்களுக்குச் சொல்ல இயலாது.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து காரைக்குடிக்கு வந்த சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொடியின் தரம் பற்றி முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள். மின்காந்த அளவீட்டுக்குச் சென்னையில் சமீர் என்னும் மத்திய அரசு நுண்ணலை ஆய்வு நிறுவனத்தின் மையம் உண்டு. இத்தனை ஆய்வுக்கூடங்கள் உள்ள நாட்டில், ஒரு பட்டறைக்காரர் எந்தச் சோதனைக்கு எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வைக்க இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் தோன்றவில்லை. தரகர்கள் பிழைப்பது அந்த இடைவெளியில்தான். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்கு எவருக்கும் காசு கொடுக்காதீர்கள். பாதுகாப்புத் துறைக்கான புதுப்பொருள்களை வரவேற்க 2018இல் தொடங்கப்பட்ட ஐடெக்ஸ் திட்டத்துக்கும் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். தகட்டை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று யாரேனும் ஆசை காட்டினால், ரேடார் உறிஞ்சும் பொருள்கள் ஸ்கோமெட் என்னும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருகின்றன என்பதையும், உரிமமின்றி அனுப்பினால் சட்டம் உங்களைத்தான் பிடிக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

மாதிரிக்காக நூறு கிராம் வாங்கினாலும், உலர்ந்த பொடியை மின்விசிறிக்கடியில் திறக்காதீர்கள். ஒருவகை நானோகுழாயை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. துணி முகமூடி போதாது. நுண்துகள் வடிகட்டும் முகக்கவசம் அணிந்து, முடிந்தவரை ரெசினில் ஏற்கெனவே கலந்து வரும் குழம்பாகவே வாங்குங்கள்.